அப்பாவோட ஆப்பரேஷன் பில்லு: டிஎம்ஓ, எம்ஆர்டி, ப்ரப்போர்ஷனேட் டிடக்ஷன்... யாராவது புரிய வைங்களேன்

அம்பைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பாவுக்கு பித்தப்பையில கல்லுன்னு பாளையங்கோட்டையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேத்து லேப்ராஸ்கோப்பில பித்தப்பைய எடுத்தாவ. ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, அப்பா வீட்டுக்கு வந்துட்டாவ, கஞ்சி இட்லின்னு சாப்புடுதாவ, அதுல ஒரு கொறையும் இல்ல. பில்லுதான் மண்டையப் பிச்சிக்கிட வைக்குது.

அண்ணன் 3 லட்சத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்துருந்தான், கேஷ்லெஸ்னு சொன்னதால கையில துட்டு ஒண்ணும் பெருசா வேண்டாம்னுதான் நெனச்சோம், கடைசியில டிஸ்சார்ஜ் அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் உக்கார வச்சிட்டு மொத்த பில்லு 1,20,000, இன்சூரன்ஸ் 76,005 தான் அப்ரூவ் பண்ணிருக்காவ, மிச்சம் 43,995 கெட்டுனாத்தான் விடுவோம்னுட்டாவ. சித்தப்பாகிட்ட வாங்கிக் கெட்டிட்டு வந்தோம். எதுக்குக் கொறைச்சாவன்னு கேட்டா கவுண்டர்ல இருந்த பிள்ளை "ப்ரப்போர்ஷனேட் டிடக்ஷன், நான் மெடிக்கல், கோ-பே"ன்னு ஒரே மூச்சுல சொல்லுச்சு, எங்களுக்கு ஒரு எழவும் வெளங்கல.

பில்லுல இருக்கத அப்படியே போடுதேன். ரூம் 4,000 வீதம் நாலு நாளைக்கு 16,000, நர்சிங் 2,400, டிஎம்ஓ 2,000, கன்சல்டன்ட் விசிட் 4,800, ஓடி சார்ஜ் 18,000, சர்ஜன் அசிஸ்டன்ட் சர்ஜன் சேத்து 30,000, அனஸ்தீசியா 9,000, பார்மசி 21,000, கன்ஸ்யூமபிள்ஸ் 6,200, லேப் அண்ட் ஸ்கேன் 9,400, அட்மின் / எம்ஆர்டி 1,200. இதுல டிஎம்ஓ யாரு? பெரிய டாக்டருக்கு விசிட்டுன்னு தனியா போட்டுட்டு இது வேற எதுக்கு? எம்ஆர்டின்னா என்ன, எம்ஆர்ஐ ஸ்கேனா? எம்ஆர்ஐ எடுக்கவே இல்லியே.

இன்னொண்ணு. இதக் கேக்கத்தான் பயமா இருக்கு. லேப் பில்லுல "ஹெச்பிஈ பயாப்சி ஸ்மால்"னு ஒண்ணு இருக்கு. பயாப்சின்னா கேன்சருக்குல்ல எடுப்பாவ? டாக்டர் எங்ககிட்ட எதையும் மறைக்காவளான்னு அம்மா ராத்திரி தூங்க மாட்டேங்கா. அப்பாகிட்ட நாங்க யாரும் சொல்லல.

பழைய பில்லிங் கவுண்டர்:

தங்கச்சி, மொதல்ல அம்மாவத் தூங்கச் சொல்லுங்க. பித்தப்பை, குடல்வால், கர்ப்பப்பை எத வெட்டி எடுத்தாலும் அத ஒரு டப்பாவுல போட்டு லேபுக்கு அனுப்பி மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாப்பாவ, அதுக்குப் பேருதான் ஹெச்பிஈ, ஹிஸ்டோபேத்தாலஜி. சந்தேகம் இருந்தாத்தான் அனுப்பணும்னு இல்ல, வழக்கமாவே அனுப்புவாவ. பில்லு மெஷின்ல அதுக்கு "பயாப்சி ஸ்மால், மீடியம், லார்ஜ்"னு ரேட் வச்சிருப்பாவ, அனுப்புன துண்டோட அளவப் பொறுத்து. அவ்வளவுதான். ஆனா அந்த ரிப்போர்ட்ட விட்டுராதீங்க, டிஸ்சார்ஜ் அன்னைக்கு வந்துருக்காது, பொறவு வாங்கி டாக்டர்ட்ட காட்டிக் கேட்டுருங்க. நெறைய பேரு தையல் பிரிக்கப் போவும்போது அத மறந்துருதாவ.

நான் வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில பில்லிங்ல ரொம்ப நாள் இருந்தேன், இப்ப அந்த வேலையில இல்ல, அதனால தெரிஞ்சதச் சொல்லுதேன். டிஎம்ஓன்னா டூட்டி மெடிக்கல் ஆபீசர், ராத்திரி பகல் வார்டுல இருக்க சின்ன டாக்டர், சில எடத்துல ஆர்எம்ஓன்னு போடுவாவ, நாளுக்கு இவ்வளவுன்னு ரூம் வாடகை மாதிரி தானா ஏறும். கன்சல்டன்ட் விசிட்டுன்னா பெரிய டாக்டர் வந்து பாத்துட்டுப் போறதுக்கு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வந்தா ரெண்டு விசிட். இதுல சுகர் டாக்டர், இருதய டாக்டர்னு வெளிய இருந்து வந்து பாத்தா அதுக்கு "க்ராஸ் கன்சல்டேஷன்"னு தனி வரி. எம்ஆர்டி ஸ்கேன் இல்ல, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் டிபார்ட்மென்ட், அதாவது ஃபைல் வைக்கிற எடம், அந்த ஃபைலுக்கு ஒரு சார்ஜு. ஓடி சார்ஜுன்னா தியேட்டர் வாடகை. ஓடி பார்மசின்னு இருந்தா அது வேற, ஆப்பரேஷன் நடக்கும்போது பிரிச்ச மருந்து, நூலு, கிளிப்பு. பிஏசின்னு இருந்தா மயக்க டாக்டர் முன்னாடியே வந்து செக் பண்ணுனது. சிபிஜி இல்லன்னா ஜிஆர்பிஎஸ்னு பத்து தடவ இருந்தா வெரல்ல குத்தி சுகர் பாத்தது, அத எண்ணிப் பாருங்க, அப்பாவுக்கு சுகர் இல்லன்னா அத்தன எதுக்குன்னு கேக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம். நீங்க போட்டுருக்கது சம்மரி பில்லு, தலைப்பு மட்டும் இருக்க பில்லு. அத வச்சுக்கிட்டு யாராலயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. "ஐட்டம் வைஸ் டீடெய்ல்டு பில்" வேணும்னு எழுதிக் கேளுங்க, நாள் வாரியா, ஊசி வாரியா பிரிஞ்சு வரும், அது நோயாளியோட உரிமை, இல்லன்னு சொல்ல முடியாது. கூடவே இன்சூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு அனுப்புன ஃபைனல் அப்ரூவல் லெட்டரையும் வாங்கிக்கிடுங்க, எந்த வரியில எவ்வளவு, என்ன காரணத்துக்கு வெட்டுனான்னு அதுலதான் இருக்கும். இந்த ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் கதை தெரியும். நிறைய பேரு ஒத்தப் பேப்பர வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிகாரனத் திட்டுவாவ, வெட்டுனது இன்சூரன்ஸ்காரனா இருக்கும், இல்ல தலைகீழா இருக்கும். கேஸ் ஷீட் காப்பி வேணும்னாலும் எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு மெடிக்கல் கவுன்சில் 2002 விதியிலயே இருக்கு.

டீடெய்ல்டு பில்லு வந்ததும் மொதல்ல பார்மசியப் பாருங்க. வார்டுல இருந்து நர்சு "இன்டென்ட்" போட்டு மொத்தமா மருந்து வாங்கி வச்சிருப்பாவ, அதுல டாக்டர் நடுவுல நிப்பாட்டுன ஊசி, பிரிக்காத செட்டு எல்லாம் பார்மசிக்குத் திரும்பணும், திரும்புனா பில்லுல "ரிட்டர்ன்"னு கழிவா வரும். அந்த ரிட்டர்ன் வரி ஒண்ணுகூட இல்லன்னா கட்டாயம் கேளுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில இருக்க மருந்துப் பேரையும் பில்லையும் ஒத்துப் பாருங்க. மருந்துல எம்ஆர்பிக்கு மேல வரின்னு தனியா ஒரு பைசா போட முடியாது, எம்ஆர்பியிலயே வரி அடக்கம்.

வள்ளியூர் ஏஜென்ட்:

பில்லிங் அண்ணாச்சி நல்லாச் சொல்லிட்டாவ. நான் இன்சூரன்ஸ் பக்கம் சொல்லுதேன், கொஞ்சம் நீளமா வரும், பொறுமையாப் படிங்க தங்கச்சி, ஏன்னா ஒங்க கணக்குல ஒரு தப்பு இருக்கு மாதிரி தெரியுது.

3 லட்சம் பாலிசியில ரூம் வாடகைக்கு லிமிட் பெரும்பாலும் பாலிசி தொகையில 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000. நீங்க எடுத்தது 4,000. எல்லாரும் நெனைக்கது என்னன்னா கூட ஆன ஆயிரத்த மட்டும் நாம கையில குடுத்துட்டாப் போதும்னு. அப்படி இல்ல. 4,000-க்கு 3,000-ன்னா முக்கால்வாசி, அதே முக்கால்வாசிதான் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங்னு ரூமோட சேந்து ஏறுற எல்லாத்துக்கும் குடுப்பான், கால்வாசிய வெட்டிருவான். இதுதான் ப்ரப்போர்ஷனேட் டிடக்ஷன். எங்கிட்ட பாலிசி எடுக்க வாரவகிட்ட நான் மொதல்ல சொல்லுதது இதைத்தான், பிரீமியம் எவ்வளவுன்னுதான் கேக்குதாவ, ரூம் லிமிட் எவ்வளவுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ. சேக்கும்போது கவுண்டர்ல "ஏசி ரூமா சிங்கிளா"ன்னு கேப்பாவல்லா, அந்த ஒரு வார்த்தைலதான் முப்பது நாப்பது ஆயிரம் நிக்குது.

ஒங்க கணக்கப் பாப்போம். ரூம்ல கூடுதல் 4,000 போச்சு. நர்சிங், டிஎம்ஓ, விசிட், ஓடி, சர்ஜன், அனஸ்தீசியா மொத்தம் 66,200, அதுல கால்வாசி 16,550. கன்ஸ்யூமபிள்ஸ், அதாவது ஒரு தடவ போட்டுத் தூக்கிப் போடுத கையுறை மாதிரி சாமான், அது 6,200-உம் அட்மின் 1,200-உம் முழுசா வெட்டிருந்தா 7,400. இதெல்லாம் கூட்டுனா 27,950. அப்ப மிச்சம் 92,050 வரணும், அதுல 10 சதவீதம் கோ-பே, அதாவது பாலிசிப்படி நாம கையில இருந்து போடுத பங்கு, போனா 82,845 அப்ரூவல் வந்துருக்கணும். ஒங்களுக்கு வந்தது 76,005. எடையில 6,840 எங்க போச்சு? பார்மசி 21,000-உம் லேப் 9,400-உம் கூட்டுனா 30,400, அதுல கால்வாசி 7,600, கோ-பே கழிச்சா கரெக்டா 6,840. அப்ப மருந்துலயும் டெஸ்ட்டுலயும் கூட கால்வாசிய வெட்டிருக்கான்.

அது செய்யக் கூடாது. 2020-லயே இன்சூரன்ஸ் கம்பெனிகளக் கட்டுப்படுத்துத ஐஆர்டிஏஐ தெளிவா சொல்லிருக்கு, மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், உள்ள வைக்கிற இம்ப்ளான்ட், டெஸ்ட் செலவு இதெல்லாம் ப்ரப்போர்ஷனேட் வெட்டுல வரவே கூடாது, ஐசியூ சார்ஜுலயும் வெட்டக் கூடாது. ஒங்க பாலிசி புக்குல "அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்"னு ஒரு விளக்கம் இருக்கும், அதத் தேடி எடுங்க, அதுலயே எழுதிருக்கும். நாலு ரூபா ரூமுல போட்டாலும் நாப்பது ரூபா ரூமுல போட்டாலும் ஒரே ஊசி ஒரே வெலைதான, அதான் காரணம்.

இன்னும் ஒரு வழி இருக்கு. ரூமுக்கு ரூம் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை மாறாத ஆஸ்பத்திரியா இருந்தா அந்தச் செலவுலயும் வெட்ட முடியாது. ஜெனரல் வார்டுக்கும் சிங்கிள் ரூமுக்கும் இந்த ஆப்பரேஷனுக்கு ஒரே ரேட்டான்னு ஆஸ்பத்திரியில கேட்டு, ஆமான்னா லெட்டர்ஹெட்ல எழுதி வாங்குங்க. அப்படி வந்தா அந்த 16,550-லயும் கோ-பே போக 14,895 ஒங்களுக்குச் சேரணும்.

அடுத்து "நான் மெடிக்கல்", அதாவது வைத்தியத்துல சேராத செலவு பத்தி. டயப்பர், மினரல் வாட்டர், கூட இருக்கவுக சாப்பாடு, போன் சார்ஜு, க்ரேப் பேண்டேஜ் இப்படி 68 ஐட்டம் ஒரு லிஸ்ட்ல இருக்கு, அது பாலிசியில வராது, பாலிசியோட கன்ஸ்யூமபிள் கவர்னு தனியா ஒரு ரைடர், கூடுதல் கவர், எடுத்துருந்தாத்தான் உண்டு. ஆனா இன்னும் மூணு லிஸ்ட் இருக்கு, அத யாரும் சொல்ல மாட்டாவ. அட்மிஷன் கிட், ஃபைல் ஓபனிங், டிஸ்சார்ஜ் ப்ராசஸிங் இதெல்லாம் ரூம் வாடகையிலயே அடக்கம். பஞ்சு, காஸ், ரேசர், பிளாஸ்திரி ஆப்பரேஷன் சார்ஜுலயே அடக்கம். யூரின் பேக், ஸ்பிரிட், ரெஜிஸ்ட்ரேஷன் இதெல்லாம் வைத்தியச் செலவுலயே அடக்கம். அப்ப இதத் தனியா போட்டா இன்சூரன்ஸ்காரன் குடுக்க மாட்டான், நீங்க ஆஸ்பத்திரியிலதான் கேக்கணும், "இது ரூமுக்குள்ள வாரதுதான, எங்க தலையில ஏன் போடுதிய"ன்னு.

கல்லிடைக்காரன்:

எடையில ஒரு கேள்வி. எங்க மாமாவுக்கு ரூம் வாடகை 5,500, அதுல ஜிஎஸ்டின்னு நாளைக்கு 275 போட்டுருக்காவ. ஆஸ்பத்திரிக்கு ஜிஎஸ்டியே கெடையாதுன்னு மைனி சண்ட போடுதா. யாரு சரி?

பழைய பில்லிங் கவுண்டர்:

ரெண்டு பேருமே சரிதான். வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி இல்ல. ஆனா 2022 ஜூலை 18-ல இருந்து ஐசியூ இல்லாத ரூமு நாளைக்கு 5,000-க்கு மேல போனா ரூம் வாடகைக்கு மட்டும் 5 சதவீதம் உண்டு. 5,500-க்கு 275 கணக்கு சரி. டாக்டர் ஃபீஸ்லயோ ஓடியிலயோ போட்டுருந்தா சொல்லுங்க. அம்பைத் தங்கச்சிக்கு 4,000 ரூமுங்கதால இந்தப் பிரச்சினை இல்ல.

முக்கூடல்:

இங்க யாரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தப் பத்திச் சொல்லலியேன்னு எழுதுதேன். வருச வருமானம் 1,20,000-க்குள்ள இருக்க குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. எங்கம்மா பீடி சுத்துதாவ, வருமானச் சான்று வாங்கி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல போயி கார்டு எடுத்தோம், அம்மாவுக்கு கல்லு பிரச்சினை வரல, வேற ஆப்பரேஷன், ஆனா அதுல பில்லு பாக்குத வேலையே இல்ல. அதுல "பேக்கேஜ்"னு சொல்லுவாவ, இந்த ஆப்பரேஷனுக்கு இவ்வளவுன்னு அரசாங்கம் மொத்தமா ஒரு தொகை குடுக்கும், மருந்து, டெஸ்ட், சாப்பாடு எல்லாம் அதுக்குள்ள. திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரியா இருந்தாலும் அந்த சிகிச்சைக்கு நம்மகிட்ட தனியா துட்டு வாங்கக் கூடாது. வாங்குனா 1800 425 3993-க்குக் கூப்புடலாம், துட்டுக் கெடையாது. சேரும்போதே காப்பீட்டுக் கவுண்டர்ல கார்டக் காட்டிரணும், ஆப்பரேஷன் முடிஞ்ச பொறவு காட்டுனா கஷ்டம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு பெரிய ஆஸ்பத்திரியிலயும் இந்தக் கார்டு ஓடும். அங்க கூட்டம் உண்டு, காத்துக் கெடக்கணும், ஆனா நல்ல டாக்டர்மாரு இருக்காவ. சொல்லத் தோணுச்சு, ஏன்னா சித்தப்பாகிட்ட கடன் வாங்குன கதையப் படிச்சதும் மனசு கேக்கல.

அம்பைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மொதல்ல நல்ல செய்தி, ஹெச்பிஈ ரிப்போர்ட் வாங்கியாச்சு, "க்ரானிக் கோலிசிஸ்டைட்டிஸ்"னு இருந்துச்சு, டாக்டர் பாத்துட்டு நாள்பட்ட வீக்கம்தான், வேற ஒண்ணும் இல்லம்மான்னுட்டாவ. அம்மா அங்கனயே அழுதுட்டா.

டீடெய்ல்டு பில்லும் அப்ரூவல் லெட்டரும் அண்ணன் போயி வாங்கிட்டான், கவுண்டர்ல மொதல்ல இழுத்தாவ, எழுதிக் குடுத்த பொறவு தந்துட்டாவ. ஏஜென்ட் அண்ணாச்சி சொன்னது அப்படியே இருக்கு, பார்மசியில 5,250, லேப்ல 2,350 "ப்ரப்போர்ஷனேட்"னு வெட்டிருக்காவ. 1,200-ல அட்மிஷன் கிட் 350, ஃபைல் 450, டிஸ்சார்ஜ் ப்ராசஸிங் 400. அட்மிஷன் கிட்டுன்னா ஒரு பிளாஸ்டிக் கப்பும் சோப்பும் சீப்பும், அத அப்பா தொடக்கூட இல்ல. பார்மசியில ரிட்டர்ன் ரெண்டு வரி இருந்துச்சு, அது சரியாத்தான் இருக்கு போல.

ரூமுக்கு ரூம் ரேட் மாறுமான்னு கேட்டதுக்கு பில்லிங்ல ஒருத்தரு "ஓடியும் சர்ஜன் ஃபீஸும் மாறாது, விசிட்டும் நர்சிங்கும் மாறும்"னு வாயால சொன்னாரு, எழுதித் தாங்கன்னா மேனேஜரக் கேக்கணும்னாரு. இப்ப அடுத்து என்ன செய்யணும்? டிஸ்சார்ஜ் ஆன பொறவு கேட்டா குடுப்பாவளா? அம்பையில மொதல்ல எடுத்த ஸ்கேன் பில்லும், இப்ப வாங்குத மாத்திரை பில்லும் வேற கையில கெடக்கு.

பழைய பில்லிங் கவுண்டர்:

மேனேஜர்ட்ட அண்ணன நேர்ல போகச் சொல்லுங்க, காலையில பதினோரு மணிக்கு மேல, ஓபி கூட்டம் கொறைஞ்ச பொறவு. கத்த வேண்டாம். "டேரிஃப் லெட்டர்", அதாவது ரூமுக்கு ரூம் எந்த ரேட் மாறும் மாறாதுன்னு எழுதுன லெட்டர், வேணும், இன்சூரன்ஸ்ல கேக்குதாவன்னு சொன்னாப் போதும், அவங்களுக்கும் அதுல நட்டம் ஒண்ணும் இல்ல, பெரும்பாலும் குடுத்துருவாவ. அந்த 1,200-ஐயும் அப்பவே கேட்டுருங்க. பில்லு முடிச்ச பொறவு ரீஃபண்ட் போடுதது அவங்களுக்குக் கொஞ்சம் வேலை, அதனால தட்டிக் கழிப்பாவ, ஆனா நான் இருந்த காலத்துல கேட்டவங்களுக்குப் போட்டுக் குடுத்துருக்கோம். கேக்காதவங்களுக்கு யாரும் கூப்புட்டுக் குடுத்ததில்ல.

வள்ளியூர் ஏஜென்ட்:

குடுப்பாவ, கேஷ்லெஸ்ல வெட்டுனதுக்குப் பொறவும் கேக்கலாம். ரெண்டு தனித்தனி வேலையாப் பண்ணுங்க, ஒண்ணாப் போட்டுக் கொழப்ப வேண்டாம்.

ஒண்ணு, அம்பை ஸ்கேனும் இப்ப வாங்குத மாத்திரையும். அது "ப்ரீ, போஸ்ட் ஹாஸ்பிடலைசேஷன்"ல வரும், சேருததுக்கு முன்னாடி 30 நாளும் டிஸ்சார்ஜுக்குப் பொறவு 60 நாளும் நெறைய பாலிசியில உண்டு, ஒங்க புக்குல நாளப் பாத்துக்கிடுங்க. இது ரீஇம்பர்ஸ்மென்ட், நாம கெட்டுன துட்டத் திரும்ப வாங்குதது, ஒரிஜினல் பில்லு, டாக்டர் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பேங்க் பாஸ்புக் காப்பி வச்சு அனுப்பணும். சீட்டு இல்லாம மருந்துக்கடை பில்லு மட்டும் வச்சாத் தள்ளிருவான். திரும்பச் செக்கப்புக்குப் போறதெல்லாம் முடிஞ்ச பொறவு மொத்தமா அனுப்புங்க.

ரெண்டாவது, அந்த வெட்டு. இன்சூரன்ஸ் கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போடுங்க, கம்பெனிக்காக க்ளெய்ம் பாக்குத எடநிலை ஏஜென்சி டிபிஏவுக்கு இல்ல, கம்பெனிக்கு. க்ளெய்ம் நம்பரப் போட்டு, "பார்மசியில 5,250-உம் டெஸ்ட்டுல 2,350-உம் ப்ரப்போர்ஷனேட்டா கழிச்சிருக்கிறீர்கள், பாலிசியில அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ் விளக்கத்தின்படி இவை அதில் வராது, கோ-பே கழித்து 6,840 தர வேண்டும்"னு எழுதுங்க, அவ்வளவு போதும், கதையெல்லாம் வேண்டாம். டேரிஃப் லெட்டர் கையில வந்துட்டா ஓடி, சர்ஜன் ரெண்டையும் சேத்துருங்க. ஓடி 18,000, சர்ஜன் 30,000, மொத்தம் 48,000, கால்வாசி 12,000, கோ-பே போக 10,800. விசிட்டும் நர்சிங்கும் மாறும்னு அவங்களே சொல்லுததால அத விட்டுருங்க, கேட்டா மொத்த லெட்டரையும் சந்தேகமாப் பாப்பாவ. அனஸ்தீசியா, டிஎம்ஓ மாறுதான்னும் அந்த லெட்டர்லயே எழுதச் சொல்லுங்க.

30 நாள்ல பதில் வரலன்னாலோ, வந்த பதில் சரியில்லன்னாலோ சென்னையில இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், இன்சூரன்ஸ் புகார விசாரிக்கத அதிகாரி, இருக்காரு. ஃபீஸ் இல்ல, வக்கீலும் வேண்டாம், கம்பெனி பதில் சொன்ன நாள்ல இருந்து ஒரு வருசத்துக்குள்ள போடணும். சந்தேகம்னா ஐஆர்டிஏஐ நம்பரு 155255.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் உக்கார வச்சாவன்னு எழுதிருந்தீங்கல்லா, அதுக்கும் 2024-ல விதி வந்துருக்கு, ஆஸ்பத்திரி ஃபைனல் பில்லு அனுப்புன மூணு மணி நேரத்துக்குள்ள இன்சூரன்ஸ்காரன் முடிச்சுக் குடுக்கணும், அவனால லேட்டாகி அதுக்கு ஆஸ்பத்திரி கூடுதலா ரூம் வாடகை போட்டா அது அவன் தலையில. ஒங்க டீடெய்ல்டு பில்லுல டிஸ்சார்ஜ் அன்னைக்கும் முழு நாள் வாடகை ஏறிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, ஏறிருந்தா அதையும் இதே மெயில்ல சேத்துரலாம்.